பெயர்ப் பலகையில் இல்லாத தகுதி

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் டி.எம். மூன்று ஆண்டு. இரைப்பை, குடல் நோய் நிபுணர் ஒருவர் தன் பெயர்ப் பலகையை மாட்டுவதற்குள் பதினொன்றரை ஆண்டுகள் படித்திருப்பார். குடல் அழற்சி நோய்க்கு இவ்வளவு படிப்பு அவசியமா என்றால், அவசியம்தான். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று முடிவுகட்டி, களிம்பிலும் கைவைத்தியத்திலும் மாதங்களைக் கடத்துவது இங்கே வழக்கம். உள்ளே பெருங்குடலைப் புண்ணாக்கிக்கொண்டிருப்பது அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்பது கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் தெரியும். குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான குரோன் நோய் இன்னும் சிக்கலானது. நம் நாட்டில் அதைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கே சவால்: அதே வயிற்றுவலி, அதே எடைக்குறைவு, சிறுகுடல் முடியும் இடத்தில் அதே புண். காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவிவிடலாம். குரோனைக் காசநோய் என்று நினைத்தால் மாதக்கணக்கில் வேண்டாத மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்க, குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம். பயாப்சித் துணுக்கில் இவ்விரண்டையும் எந்த அடையாளங்களைக் கொண்டு பிரிக்கலாம் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1999-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமான ஒன்று.

ஆனால் சரியாகக் கண்டுபிடிப்பது முதல் நாள் வேலை மட்டுமே. குடல் அழற்சி நோய் பெரும்பாலும் இளவயதில் வருகிறது, வந்தால் போவதில்லை. அடங்கும், பிறகு எழும். இருபது வயதில் நோய் கண்ட ஒருவர் அடுத்த ஐம்பது ஆண்டுகளை, படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும், அதனோடுதான் கடக்க வேண்டும். ஆகவே, இந்த மருத்துவரின் தகுதியை அவர் கற்ற பாடங்களோடு நிறுத்தி அளக்கக் கூடாது. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள நாட்களில் நோயாளி யாருடைய கண்காணிப்பில் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று உண்டு. குரோன் நோயாளிகள் 244 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நோயின் அறிகுறிகளைப் பார்த்தே மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். மற்றவர்களுக்கு ரத்தத்திலும் மலத்திலும் அழற்சியின் அளவைச் சோதித்து, அதையும் கணக்கில் எடுத்தார்கள். 48 வாரம் கழித்து முதல் பிரிவில் 30 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 46 சதவீதம் பேருக்கும் குடல் ஆறியிருந்தது. வயிறு வலிக்கவில்லை என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதே இதன் பொருள். அதே ஆண்டில் நெதர்லாந்திலிருந்து இன்னொரு சான்று வந்தது. நான்கு மருத்துவமனைகளின் குடல் அழற்சி நோயாளிகள் 909 பேரில் ஒரு பாதியினரை இணையவழியே தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டில் அவர்கள் மருத்துவமனைக்கு வந்த சராசரித் தடவை 1.55, வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 2.34. உள்நோயாளியாகச் சேர்வதும் பாதியாகக் குறைந்தது.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இடையில் நோயாளி கூப்பிட்டால் மருத்துவருக்குப் போன் எடுக்க நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் போனை எடுக்க வேண்டியவர் மருத்துவரே அல்ல. பிரிட்டனில் இந்த நோய்க்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். நோயாளி முதலில் பேசுவது அவர்களிடம்தான். நெதர்லாந்தின் கணக்கும், தொடர் கவனிப்பு ஓ.பி. கூட்டத்தைக் குறைக்கும் என்றே காட்டுகிறது. அது வசதியான நாடு, ஆய்வில் சேர்ந்தவர்களெல்லாம் இணைய வசதி உள்ளவர்கள் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் செயலியைவிட, தமிழில் பேசும் ஒரு செவிலியரின் குரல் இங்கே அதிகம் பயன்படும் என்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வழி போட்டாயிற்று, அந்த வழியில் இந்த நோயாளிகளையும் சேர்க்க வேண்டும்.

நோயாளிகள்தானே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் வருத்தப்படுவதுண்டு. நிறுத்துகிறார்கள்தான். ரத்தம் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மறுபடி வந்தால் பழைய சீட்டைக் காட்டி, மருந்துக்கடையில் ஸ்டீராய்டை வாங்கி விழுங்குகிறார்கள். எலும்பு தேய்கிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது. இந்த நோய்க்கான அசதியோப்ரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பெருங்குடல் நெடுகப் புண் இருப்பவருக்கு எட்டு ஆண்டு ஆனதும் புற்றுநோய்க்காகக் கொலனோஸ்கோப்பிச் சோதனை தொடங்க வேண்டும். இவற்றை ஐந்து நிமிடச் சந்திப்பில் ஒருமுறை சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. திரும்பத் திரும்பச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிக்காத மருத்துவமனை, நோயாளியை மட்டும் குறை சொல்வது முறையல்ல.

இந்த நோய் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தயங்காமல் இதைக் கேளுங்கள்: அடுத்த தேதிக்கு முன்பே ரத்தம் வந்தால், நாங்கள் யாரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்?