ஃபர்னேஸ் கண்ணடித்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்

ஒண்டாரியோவுக்குப் படிக்க வரும் நம்ம ஆட்களில் பலருக்கு முதல் வீடு யாராவது ஒருவருடைய பேஸ்மென்ட்தான். வாடகை கம்மி. கூடவே ஒரு ரூம்மேட் இலவசம்: ஃபர்னேஸ். ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு வரி. காஸை எரித்து, அந்தச் சூட்டில் காற்றைச் சூடாக்கி, குழாய் வழியே வீடு முழுக்க அனுப்பும் இரும்புப் பெட்டி அது. ஜனவரியில் அது நின்றுபோனால் போர்வை எல்லாம் வேலைக்கு ஆகாது.

நின்றுபோகும்போது உள்ளே ஒரு குட்டி விளக்கு விட்டு விட்டு எரியும். அதுதான் எரர் கோடு. இந்தக் கோடை வைத்து நடக்கும் கூத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு என்பது சாட்சி, தீர்ப்பு அல்ல. வேலை எந்தப் படியில் நின்றது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். எந்தப் பாகம் செத்தது என்று தெரியாது. சாட்சியைத் தீர்ப்பாக்கி நம்மிடம் பாகம் விற்பவர்கள் ஒன்று சோம்பேறிகள், இல்லையென்றால் ஏமாற்றுக்காரர்கள்.

எப்படி என்று பார்ப்போம். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபர்னேஸ் உடனே எரியாது. முதலில் இன்டியூசர் என்ற சின்ன விசிறி சுழன்று புகையை வெளியே இழுக்கும். இழுப்பு சரியாக இருந்தால்தான் பிரஷர் ஸ்விட்ச் மூடும். அப்புறம் இக்னைட்டர் பழுக்கும், காஸ் வால்வு திறக்கும், தீ பிடிக்கும். தீ நிஜமாகவே பிடித்ததா என்று ஃபிளேம் சென்சார் என்ற ஒரு கம்பி பார்க்கும். தீயின் வழியே பாயும் சில மைக்ரோஆம்பியர் மின்சாரம்தான் அதற்கு ஆதாரம். அதன் பிறகே பெரிய விசிறி ஓடும். சூடு அளவு மீறினால் லிமிட் ஸ்விட்ச் காஸை நிறுத்தித் தீயை அணைக்கும்.

இப்போது கோடுக்கு வருவோம். "பிரஷர் ஸ்விட்ச் திறந்திருக்கிறது" என்று வந்தால், உடனே ஸ்விட்சை மாற்று என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பனி மூடியிருக்கலாம். தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். ஸ்விட்சுக்குப் போகும் ரப்பர் டியூப் விரிசல் விட்டிருக்கலாம். இழுப்பு இல்லை என்று உண்மையைச் சொன்ன ஸ்விட்சையே தூக்கிப் போடுவது, காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைப்பது போல.

லிமிட் கோடும் அப்படித்தான். பல மாதமாக மாற்றாத ஃபில்டர் காற்றை அடைத்தால் பெட்டி தன்னால் கொதிக்கும். "தீ பிடிக்கவில்லை" என்ற கோடு வந்தால் இக்னைட்டரையோ, அதைவிட விலையான போர்டையோ மாற்றச் சொல்வார்கள். தீ பிடித்து, சில விநாடியில் அணைந்தால் முதல் சந்தேகம் அழுக்குப் படிந்த சென்சார் கம்பி மேல். பல நேரம் அதைத் துடைத்தாலே போதும்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் விளக்கைப் பார்த்தார், பெட்டியிலிருந்து புது ஸ்விட்சை எடுத்தார், மாட்டினார், பில் கொடுத்தார். வெளியே போய்க் குழாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அதே கோடு. குழாய் வாயில் பனி.

இதில் தயாரிப்பாளர்கள் பங்கு தனி. ஒரே பிரஷர் ஸ்விட்ச் தகராறு, குட்மேனின் பல மாடல்களில் மூன்று முறை மினுக்கும். கேரியரில் அதுவே 31, அதாவது மூன்று குறுகிய மினுக்கல், ஒரு நீண்ட மினுக்கல். இன்னொரு கம்பெனிக்கு இன்னொரு பாஷை. அதைவிட வேடிக்கை, பல பெட்டிகளில் விளக்கைப் பார்க்கக் கதவு மூடியிருக்க வேண்டும், திறந்தால் மின்சாரம் போய்விடும். ஆனால் கோடின் அர்த்தம் ஒட்டியிருப்பது கதவின் உள்பக்கம்! அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொது முறையைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பொதுக் கோடுகளுக்கு எந்த கம்பெனி காராக இருந்தாலும் ஒரே அர்த்தம். காருக்கு முடிந்தது ஃபர்னேசுக்கு ஏன் முடியாது? நமக்குப் புரிந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

"நீ என்ன மெக்கானிக்கா? காஸ் விஷயத்தில் கை வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை. ஒண்டாரியோவில் காஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ சான்றிதழ் வேண்டும், அது சரியான சட்டம். நான் சொல்வது படிக்க. மருந்துச் சீட்டைப் படிக்க டாக்டராக வேண்டியதில்லையே.

படிக்காததன் ஆபத்து வேறு பக்கத்திலும் இருக்கிறது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும்" என்று போனிலேயே வைத்தியம் பார்க்கும் வீட்டுக்காரர்கள் ஒரு ரகம். பல போர்டுகளில் அப்படிச் செய்தால் கோடு அழிந்து, சாட்சியும் போய்விடும். ஸ்விட்ச் தொந்தரவு செய்கிறது என்று ஒரு துண்டு ஒயரால் அதைச் சுற்றிக் கடக்கும் புத்திசாலிகள் இன்னொரு ரகம். இவர்கள் கொலைகாரர்கள் என்றே சொல்வேன். 2008 டிசம்பரில் ஒண்டாரியோவின் வூட்ஸ்டாக்கில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். அங்கே இருந்தது காஸ் ஃபயர்பிளேஸ், ஃபர்னேஸ் அல்ல. ஆனால் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. அதன் பிறகுதான் 2013-ல் வீடுகளில் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பிரஷர் ஸ்விட்ச் திறந்து நிற்பது அப்படிப்பட்ட அடைப்பைப் பார்த்துத்தான். அது உங்கள் எதிரி அல்ல, காவல்காரன்.

ஆகவே மக்களே, கோடு வந்தால் கதவைத் திறக்காமல், சின்னக் கண்ணாடி வழியே எண்ணுங்கள், போனில் வீடியோ எடுங்கள். ஃபில்டரைப் பாருங்கள். வெளிக்குழாயில் பனி இருந்தால் விலக்குங்கள். காஸ் வாசனை வந்தாலோ அலாரம் அடித்தாலோ எதையும் தொடாமல் வெளியே ஓடுங்கள், அங்கிருந்து போன் பண்ணுங்கள். வருகிறவரிடம் ஒரே கேள்வி: "கோடு சரிங்க, காரணம் என்ன?" பதில் சொல்லத் தெரிந்தவருக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள், அது படிப்புக்கான கூலி. முழிப்பவருக்குக் கதவைக் காட்டுங்கள்.

பி.கு.: வாடகைக்கு இருப்பவர்களுக்கு. ஒண்டாரியோ விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டில் குறைந்தது 20 டிகிரி செல்சியஸ் சூடு தருவது வீட்டுக்காரர் கடமை. "ஸ்வெட்டர் போட்டுக்கோப்பா" என்பது ரிப்பேர் ஆகாது :-)