அத்திவாரத்தை ஆண்டுதோறும் கிண்டாதீர்கள்

2019 ஏப்ரல் 21. கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த நாள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த பிள்ளைகள் வெள்ளவத்தையில் இருந்த பெற்றோரைத் தேடித் தவித்தபோது, வட்ஸ்அப்பும் வைபரும் முகநூலும் அரச உத்தரவில் முடக்கப்பட்டிருந்தன. 2018 மார்ச்சில் கண்டி வன்செயலின்போதும் இதுவே நடந்தது. 2022 ஏப்ரல் 3 இலும் நடந்தது. நான்கைந்து நிறுவனங்களின் பெயரைப் பட்டியலிட்டால் போதும், ஒரு சமூகத்தின் பேச்சைத் துண்டித்துவிடலாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1999 இல் ஜெரமி மில்லர் 'ஜாபர்' என்ற பெயரில் தொடக்கிவைத்த எக்ஸ்எம்பிபி, மின்னஞ்சலைப் போன்ற திறந்த நெறிமுறை. எவரும் தமக்கென ஒரு வழங்கியை நிறுவலாம். ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். 2004 இல் அது இணையத் தராதரமாகவும் ஏற்கப்பட்டது. பின் ஏன் அது நம் கைகளில் இல்லை?

பெருநிறுவனங்களைக் குற்றஞ்சாட்டுவது எளிது. 2005 இல் இந்நெறிமுறையோடு வந்த கூகுள் டோக்கின் இடத்தில், 2013 இல் பிற வழங்கிகளுக்குக் கதவடைத்த ஹாங்அவுட்ஸ் வந்தது உண்மையே. ஆனால் வீட்டுக்காரர்களின் பிழையையும் நான் சொல்லியாக வேண்டும்.

குழு உரையாடல், படம் அனுப்புதல், மறையாக்கம் ஆகியன மூலத் தராதரத்தில் இல்லை. தனித்தனி நீட்சி ஆவணங்களில் உள்ளன. அவற்றிற் பல 'பரிசோதனை' நிலையிலேயே ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றன. 'இறுதி' என்ற நிலையும் விதிகளில் உண்டு. அதை எட்டியவை சொற்பம். மறையாக்கத்துக்கான ஓமெமோவைப் பாருங்கள். 2015 இல் கொன்வசேஷன்ஸ் செயலியில் அது வந்தது. 2020 இல் ஆவணத்தைத் திருத்தியவர்கள் அதன் அடையாளப் பெயரையே மாற்றினார்கள். புதியது பழையதோடு பேசாது. செயலிகளிற் பெரும்பாலானவை பழையதிலேயே நின்றன. புதிய ஆவணத்தை மட்டும் நம்பி உழைக்கும் ஓர் இளம் நிரலாளரின் செயலி யாரோடு பேசும்?

இந்த அவலத்தைத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று நாம் அனுப்பியது, அது இல்லாத கணனியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிந்த காலத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து பார்த்தவன் நான். டிஸ்கி ஒருபுறம், 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் டாப், டாம் மறுபுறம். யூனிகோட்டின் தமிழ் ஒழுங்கில் குறை காண்போர் இன்றும் உளர். ஆயினும் ஒரு குறியீட்டுக்குக் கொடுத்த இடத்தை இனி மாற்றோம் என்று அது தந்த வாக்கே நம்மை மீட்டது. அங்கும் ஒரு சிறு பிசகு: 2005 இல் 'ஶ' சேர்க்கப்பட்டபின் 'ஸ்ரீ'யை இரு விதமாக எழுதலாம் என்றாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. ஒரே ஓர் எழுத்துக்கு இவ்வளவு தொல்லை!

"மாறாதது வளராது" என்பார்கள். புதியதைச் சேர்ப்பது வேறு, இருப்பதைப் பிடுங்கி நடுவது வேறு. 2011 இல் எக்ஸ்எம்பிபியின் மூலத் தராதரமே திருத்தி எழுதப்பட்டது. பழைய மென்பொருள்கள் அதனால் ஊமையாகவில்லை. அந்த ஒழுக்கத்தை நீட்சிகளிலும் கேட்கிறேன். பாதுகாப்பில் ஓட்டை கண்டால் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் பழையதிலிருந்து புதியதற்கு வழி போட்டுவிட்டு அடையுங்கள். மக்கள் அன்றாடம் பயன்படுத்துவதை நிலையானது என்று அறிவித்து, அதன்மேல் கை வைக்காதிருங்கள்.

சம்பளமின்றி, இரவில் கண்விழித்து நிரல் எழுதுபவர்களை நம்பியே திறந்த நெறிமுறை வாழ்கிறது. அவர்களின் உழைப்பை ஈராண்டுக்கொருமுறை செல்லாக்காசாக்கினால் அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த முடக்கம் வரும் நாளில், வெள்ளவத்தைத் தாய்க்கு அந்த நான்கைந்து நிறுவனங்களை விட்டால் வேறு வழி இராது.