எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், கணக்கையும் சொல்லுங்கள்



உங்களில் பலர் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் உங்களிடம்தான் யோசனை கேட்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

என்னிடம் படித்த பையன் ஒருவன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறான். மெதுவாக ஓடுகிறதே என்று கேட்டதற்கு, "வொர்க் மெம்மை 256 எம்.பி. ஆக்கு" என்று ஒரே வரியில் பதில் வந்ததாம். சர்வரில் இருப்பதோ 8 ஜி.பி. ரேம். எத்தனை பேர் இணைகிறார்கள் என்று சொன்னவர் கேட்கவே இல்லை.

நம் ஊர்ப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோற்று அண்டா எல்லாருக்கும் பொது. இலை ஆளுக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸில் 'ஷேர்டு பஃபர்ஸ்' என்பது அண்டா. 'வொர்க் மெம்' என்பது இலை. அதுவும் ஒரே கேள்விக்குள் இரண்டு மூன்று வரிசைப்படுத்தல் இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இலை. வழக்கமான உச்சவரம்பு 100 இணைப்புகள். ஆளுக்கு ஓர் இலை என்றாலே 100 × 256 எம்.பி. = 25 ஜி.பி. இருப்பது 8!

எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காராதவரை ஒன்றும் தெரியாது. கூட்டம் சேரும் நாளில் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் ஒரு பிராசஸைக் கொன்றுவிடும். டேட்டாபேஸ் எல்லா இணைப்புகளையும் அறுத்துக்கொண்டு மீண்டும் எழும். திட்டு வாங்குவது யோசனை சொன்னவர் அல்ல, புதுப் பையன்.

அதற்காக எதையும் தொடாதே என்பதும் சரியல்ல. ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்.பி., வொர்க் மெம் 4 எம்.பி. என்ற ஆரம்ப அளவுகள், சின்ன இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்று வைத்தவை. டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வரில் ஷேர்டு பஃபர்ஸுக்கு ரேமில் 25 சதவீதம் வைத்துத் தொடங்கலாம், 40-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பலனில்லை என்கிறது போஸ்ட்கிரெஸ் கையேடு. மீதியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் கோப்புகளைத் தேக்கிவைக்கப் பயன்படுத்துகிறது. போஸ்ட்கிரெஸ் அதையும் நம்பித்தான் ஓடுகிறது. மைஎஸ்கியூஎல்லின் பஃபர் பூலுக்கோ 80 சதவீதம் வரை கொடுப்பதுண்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வம்புதான்.

"புதியவனுக்கு விளக்கம் எதற்கு? எண் போதும்" என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. விடையை மட்டும் பார்த்து எழுதிய மாணவன் அடுத்த கணக்கில் தவறுவான். இன்று 8 ஜி.பி.க்குச் சொன்ன எண்ணை, நாளை 2 ஜி.பி. இயந்திரத்திலும் அப்படியே போடுவான்.

ஆகவே, யாராவது கேட்டால் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். ரேம் எவ்வளவு? அதே சர்வரில் வேறென்ன ஓடுகிறது? ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு? பிறகு ஒரு தொடக்க அளவையும் அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' போட்டு, வரிசைப்படுத்தல் வட்டுக்குப் போகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். போகிறதென்றால், அந்தப் பெரிய அறிக்கை ஓடும் இணைப்புக்கு மட்டும் வொர்க் மெம்மைக் கூட்டினால் போதும். ஊருக்கெல்லாம் இலையைப் பெரிதாக்க வேண்டாம்.

இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் அவனைத் தானாகக் கணக்குப் போட வைக்கும். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், எல்லாருக்கும் உதவும்.