காருக்குக் கப்பல் உண்டு!

எண்ணூர் காமராசர் துறைமுகத்திலே புத்தம் புதுக் கார்கள் அணிவகுத்து நிற்கின்றன. கப்பலின் கதவு திறக்கிறது; ஒவ்வொன்றாய் உருண்டு ஏறிக் கடல் கடக்கின்றன. நன்று, ஏற்றுமதி வளரட்டும்! ஆனால் அந்தக் காரைச் செய்த தொழிலாளி, யாழ்ப்பாணத்திலே வாழ்க்கைப்பட்ட தமக்கையைக் காணக் கப்பலேற வந்தால்? துறைமுகத்து மதிற்சுவரைத்தான் காண்பான்!

ஒரு காலம் இருந்தது, தோழர்களே! இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ரஜுலா’ புறப்படும். பினாங்கு, சிங்கப்பூர் சேரும். தளத்திலே பாய் விரித்து ஏழையும் போனான், அவனுடைய தகரப் பெட்டியும் போயிற்று. பின்னர் வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. உயிர்கள் பல மாண்டன. மாற்றுக் கப்பல் விட்டார்களா? இல்லை! விமானம் வந்துவிட்டதே என்பர். சிங்கப்பூருக்கு அது ஓரளவு பொருந்தும்.

நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கிடப்பதோ கைக்கெட்டும் கடல்! 2023 அக்டோபரில் ‘செரியபாணி’ ஆரவாரத்தோடு புறப்பட்டது. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் தனியார் கப்பல் ‘சிவகங்கை’ வந்தது. நவம்பரில் மழைக்காலம் வர நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டது. இரண்டும் ஆளை ஏற்றின, காரை ஏற்றவில்லை. வாடைக்கு அஞ்சும் கலத்தை விட்டுவிட்டு, “கூட்டமில்லை, இலாபமில்லை” என்று கைவிரிப்பதா?

இலாபக் கணக்கா பார்த்தது ஸ்காட்லாந்து? அங்கே அரசுக்குச் சொந்தமான கலிடோனியன் மாக்பிரெய்ன், 1986, 87-ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு கார் ஏறும் கப்பல்கள் நான்கினை ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டுவித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? கொச்சி மாநகராட்சி 2018-இல் ‘சேதுசாகர்’ கலங்களை இறக்கி, கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே லாரியையும் காரையும் மக்களோடு சேர்த்தே ஏற்றியது. அவை பழுதாகி நின்ற நாள்களும் உண்டு, மறைப்பானேன்? பழுதைப் பார்த்து மீண்டும் ஓட்டினார்கள்; வழியை மூடிவிடவில்லை.

கப்பலுக்கு எங்கே போவது என்பீர்களோ? எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளியிலே கட்டுந்தளம் இருக்கிறது! கடலோரக் காவற்படைக்கு ரோந்துக் கப்பல் கட்டிய தளம் அது. அலைக்கு அஞ்சாத கலம் செய்யத் தெரிந்த கைகள் அங்கே உண்டு. காரும் மக்களும் ஏறும் கப்பல் இரண்டினை அரசே அங்கே கட்டச் சொல்லட்டும், அரசே ஓட்டட்டும். துறைமுகங்களுக்கும் ஆலைகளுக்கும் கரையைக் கொடுத்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையில் முதலிடம் தரட்டும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அடுத்து நடக்கும் கூட்டங்களில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.