பல்லுக்குப் பல்

எல்லா விவகாரங்களிலும் நடுநிலை வகிப்பதே உத்தமம் என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த உபதேசம் செல்லாத இடம் ஒன்று உண்டு. மலைச் சாலையில் இறங்கும் லாரிதான் அது. அங்கே நடுநிலை, அதாவது லாரிக்காரர்கள் 'நியூட்ரல்' என்று சொல்லும் நிலை, ஆளையே கொண்டுபோய்விடும். இந்த உண்மையை நாம் அறிந்துகொண்டது சேரம்பாடியில்.

சேரம்பாடி நீலகிரி ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் தாலுகாவில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கேரளத்து வயநாடு. ஊரைச் சுற்றிலும் தேயிலை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் தாயகம் திரும்பிய தமிழர்களுக்குப் பிழைப்பு வேண்டி, 1968-ல் மாநில அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டத்தைச் சேர்ந்த தோட்டங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. பறித்த கொழுந்து வெகு நேரம் காத்திராது. குவியலாகக் கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகையால் மழையானாலும் மூடுபனியானாலும் லாரி பாக்டரிக்குப் போய்த்தான் தீரவேண்டும்.

அப்படிப்பட்ட லாரி ஒன்றில், சரக்கு ஏற்றாத வேளையில், ஓர் இளைஞன் கியர் போடப் பழகுவதை நாம் கூட உட்கார்ந்து பார்த்தோம். கொழுந்து பறிக்கும் தாயாரின் பிள்ளை. சில வருஷம் கிளீனராக இருந்தவன். கனரக வண்டி பழகுவதற்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வருஷமாவது இலகு ரக லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பையனிடம் இரண்டு தகுதியும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

முதல் முறை பையன் கியரைத் தள்ளியதும், தகரக் கொட்டகைக்குள் நாலு பேர் சேர்ந்து அரிவாள் தீட்டுவது போல் ஒரு சத்தம் எழுந்தது. நமக்கு உடல் கூசிற்று.

"பல்லைக் கடிக்குது, தம்பி. கையிலே பலத்தைக் காட்டாதே. காதைத் தீட்டிக்கிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேளு" என்றார் டிரைவர்.

"சரிங்க அண்ணே" என்றான் பையன். மறுபடியும் அரிவாள் தீட்டப்பட்டது.

இதிலுள்ள சூட்சுமம் இதுதான். கியர்ப் பெட்டிக்குள் ஒரு தண்டை இஞ்சின் சுற்றுகிறது. மற்றொன்று சக்கரங்களோடு இணைந்து சுழல்கிறது. இரண்டின் பற்களும் ஒன்றையொன்று கவ்வ வேண்டுமானால் வேகம் ஒத்திருக்க வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது இஞ்சின் தணியச் சற்றுப் பொறுக்க வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது காரியம் நேர் எதிர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தி இஞ்சினைத் துரிதப்படுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். இதற்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். 1890-களில் பிரான்ஸ் தேசத்தில் இவ்வகைக் கியரைப் பிரபலப்படுத்திய பான்ஹார்ட், லெவாஸர் கூட்டாளிகளே, அது முரட்டு ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில், பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் 'ஸின்க்ரோமெஷ்' என்ற அமைப்பு வந்தது. இந்நாளைய லாரிகளிலும் அது உண்டு. ஆயினும் பழைய டிரைவர்கள் டபுள் கிளட்சையே முதல் பாடமாக வைக்கிறார்கள். காரணம் சற்று நேரத்தில் விளங்கிற்று.

ஓர் இறக்கம் வந்தது. பையன் மேல் கியரிலேயே அதில் இறங்கிவிட்டு, வேகம் மிஞ்சவே கீழ் கியருக்கு வர எண்ணி நியூட்ரலுக்கு இழுத்தான். அந்தக் கணத்தில் வண்டிக்கும் இஞ்சினுக்கும் உறவு அறுந்தது. லாரி தன் இஷ்டப்படி ஓடத் தொடங்கிற்று. கியரைத் தள்ளினான், பல் கவ்வவில்லை. மறுபடி தள்ளினான், கவ்வவில்லை. நாம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டோம்.

"பிரேக்கை மிதி" என்றார் டிரைவர், அமைதியாக. வெற்று வண்டியானபடியால் நின்றது.

"பத்து டன் பாரம் இருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை.

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் 10 டன் எடையுள்ள லாரி உயரத்தில் 100 மீட்டர் கீழே இறங்குவதற்குள், பிரேக் மட்டுமே அதைத் தாங்கினால் உண்டாகும் உஷ்ணம் சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு சிறு கல்யாணத்துக்குக் காப்பி போட்டுவிடலாம்! இத்தனை சூடும் பிரேக் டிரம்மில் ஏறினால் பிரேக் பிடிப்பை இழந்துவிடும். கீழ் கியரில் இறங்கினாலோ இஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. அதையும் உச்சியிலேயே போட்டுவிடு. இதுவே மலைச் சாலையின் சட்டம்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நவீன இஞ்சினில் இது வீண் கணக்கு. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலிலோ இஞ்சின் அணையாதிருக்கக் கொஞ்சமாவது குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, அபாயத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மறுபடி மேட்டுக்குப் போனோம். இம்முறை பையன் உச்சியிலேயே வேகத்தைத் தணித்து, டபுள் கிளட்ச் மிதித்து இரண்டாவது கியரைப் போட்டான். சத்தமே இல்லை. லாரி முனகிக்கொண்டு மெல்ல இறங்கிற்று. டிரைவர் புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்?

திரும்பும்போது பஸ்ஸில் நாம் வழக்கம்போல் தூங்கவில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் கியர் மாறும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வந்தோம். தவறாமல் கேட்டது. கூடலூரில் இறங்கும்போது டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டோம். எதற்கென்று அவருக்கு விளங்கியிராது.