மணியெல்லை சுவர் அன்று

உலோகத்தின் வலிமையைப் பொறியியல் வகுப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: மணிகள் சிறுத்தால் வலிமை பெருகும். அது பிழையான வரி அன்று, போதாத வரி.

கண்ணுக்கு ஒரே திண்மமாகத் தெரியும் இரும்புத் துண்டு, உண்மையில் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுதி. ஒவ்வொரு படிகமும் ஒரு மணி. ஒரு மணிக்குள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுங்கியிருக்கும். அடுத்த மணியில் அதே அடுக்கு வேறு திசை நோக்கியிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடமே மணியெல்லை.

ஓர் அணுத்தளம் முழுவதும் ஒருசேர வழுக்குவதற்குத் தேவையான தகைவை 1926இல் பிரெங்கெல் கணித்தார். மெய்யான படிகங்களோ அதைவிடப் பன்மடங்கு குறைந்த தகைவிலேயே வளைந்துகொடுத்தன. 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே விடை கண்டனர். விரித்த ஜமக்காளத்தின் சுருக்கத்தைத் தள்ளியே அதை நகர்த்துவதுபோல, அடுக்கிலுள்ள ஒரு பிறழ்வு நகர்ந்தே தளம் வழுக்குகிறது. இப்பிறழ்வைக் ‘குறைபாடு’ என்ற தலைப்பில் வைக்கிறோம். ஆனால் அக்குறை இல்லையேல் கம்பி இழுக்கவும் தகடு தட்டவும் இயலாது.

மணியின் விட்டம் குறையக் குறைய, அதன் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் வலிமை கூடுவதை 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் காட்டினர். நகரும் பிறழ்வுகள் எல்லையருகே ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்குகின்றன என்பது அதற்கான விளக்கம். இதைக் கேட்கும் மாணவர் எல்லையைச் சுவராகவே மனத்தில் பதித்துக்கொள்கிறார். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

தேக்கத்தின் முனையில் தகைவு குவிகிறது. அதன்பின் நிகழ்வது ஒன்றன்று. இரு மணிகளின் வழுக்குத் தளங்கள் ஏறத்தாழ ஒத்த திசையில் இருந்தால் வழுக்கல் அப்பால் கடக்கலாம். பிறழ்வுகளை எல்லையே உள்வாங்கலாம், புதியவற்றை உமிழலாம். எதற்கும் வழியில்லையெனில் அங்கேயே விரிசல் பிறக்கலாம். மணிகள் சில பத்து நானோமீட்டருக்கும் கீழே சிறுத்தால், பல உலோகங்களில் எல்லைகளே வழுக்கத் தொடங்கி வலிமை குறைகிறது. உயர்வெப்பத்தில் சுழலும் ஜெட் எந்திர விசையாழித் தகடுகள் பலவற்றை ஒற்றைப் படிகமாக வார்ப்பதும் இதனால்தான்: அவ்வெப்பத்தில் எல்லை அரணாக இராது, நலிவாகிவிடுகிறது.

தொடக்கநிலை மாணவருக்கு எளிமை தேவை என்பது நியாயமே. எனினும் எளிமைக்காகச் சொல்லும் உருவகம் பின்னாளில் தீர்ப்பாக மாறுகிறது. சராசரி மணியளவு ஒன்றாயுள்ள இரு தகடுகளும் சமமாகத் தாங்கும் என்று நம்புபவர், விரிசல் எந்த எல்லையில் தொடங்கும் என்ற கேள்வியைக் கேட்கவே மாட்டார். பாலத்திலும் தண்டவாளத்திலும் உயிர்களைக் காப்பது அக்கேள்வியே.

‘எல்லை தடுக்கும்’ என்னும் வரியோடு ‘சில வேளை கடத்தும், சில வேளை உடையும்’ என்னும் வரியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு வகுப்பு மணிநேரமே.