பத்து விழுக்காடு யாருக்கு?

ஓட்டல் சுகத்தை எழுதுவதற்கா தொழிலாளர் பத்திரிகையில் இடம் என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தோட்டத்துக் கிராணி ஒருவன் ஐந்து நட்சத்திர ஓட்டலின் சூட் அறையில் ஒருமுறையல்ல, இருமுறை தங்கினான் என்றால், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவனும் அவன்தானே? ஆகவே சொல்லிவிடுகிறேன். சூட் என்றதும் உடுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். படுக்க ஓர் அறை, வந்தவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் அறை, குளிக்க ஓர் அறை என்று ஒரு குடும்பமே குடியிருக்கத்தக்க இடத்தை ஒருவனுக்கு ஓர் இரவுக்கு வாடகைக்கு விடுவதற்குப் பெயர்தான் சூட்.

முதல்முறை போனது 2023-இல். தொழிற்சங்கக் கருத்தரங்கு ஒன்று பிரிக்பீல்ட்ஸில், செண்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய உயரமான ஓட்டல் ஒன்றில் நடந்தது. சாதாரண அறைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லி, அதே வாடகைக்கு எனக்கு ஒரு சூட்டைத் திறந்துவிட்டார்கள். இரண்டு இரவு ராஜா மாதிரி இருந்தேன். பில்லை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சங்கம் கட்டியது. அதாவது, தோழர்களே, நீங்கள் கட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அளந்ததுதான் வினையாகப் போயிற்று. என் தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "நம்ம லயத்து வீடு ரெண்டை அதுக்குள்ளே வைக்கலாம்னு சொல்றியே, ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டேன்" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள்கள் மிகக் குறைவு. சிறுகச் சிறுகச் சேர்த்து, சென்ற மாதம் அதே ஓட்டலில், அதே மாதிரி சூட்டில் ஓர் இரவு எடுத்தேன். வாடகை 1,200 வெள்ளி. என் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. ஊதாரித்தனம் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அம்மாவுக்காகச் செய்தது.

அம்மா மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். குளிக்கும் தொட்டியைப் பார்த்து, "இதிலே எத்தனை வாளித் தண்ணி புடிக்கும்?" என்று கேட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிச் சுவரருகே உட்கார்ந்துவிட்டார். கீழே பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் தெரிந்தது. கோலாலம்பூர் நகரம் எழுவதற்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த இடம் அது. அதனால்தான் அந்தப் பெயர். பின்னர் அங்கே ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டவர்களும் பெட்டி கோத்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள், இலங்கைத் தமிழரும் சேர்த்துத்தான். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த அந்தப் பழைய ரயில்வே நிலத்தில்தான் 2001-இல் செண்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி ஓட்டல்களும் காரியாலயங்களும் முளைத்தன. நம்மவர் வியர்வை சிந்திய மண்ணின்மேல் முப்பதாவது மாடியில் நின்றுகொண்டு அதை வேடிக்கை பார்க்க 1,200 வெள்ளி! சரி, இந்தப் புலம்பலை இத்துடன் விடுகிறேன். சொல்ல வந்தது வேறு.

மறுநாள் விடியுமுன்பே அம்மா எழுந்துவிட்டார். பிரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு, ஐந்து நட்சத்திரத்திலும் நாலு மணிக்கு மேல் படுக்காது. நான் கண் விழித்தபோது அவருடைய கட்டில் யாருமே படுக்காததுபோல் மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. "ஓட்டல்காரங்க பார்த்துக்குவாங்கம்மா" என்றேன். "ஓட்டல்காரன் வந்தா பார்ப்பான்? யாராச்சும் ஒரு பொம்பளைதானே வந்து குனியணும்" என்றார்.

அந்தப் பெண்ணை நான் நடைவழியில் கண்டேன். வெள்ளைத் துணிகள் குவிந்த தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வண்டியைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, வலக்கையை நெஞ்சில் வைத்து, "செலாமட் பாகி, சார்" என்றார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். என் பெரிய அக்காள் வயது. நான் கடந்து போகும்வரை வண்டியை அவர் நகர்த்தவில்லை.

அவர் எங்கள் அறைக்குள் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, நம் நாட்டில் இரண்டு தமிழர் சந்தித்தால் கேட்கும் கேள்விதான்: "எந்தத் தோட்டம்மா நீ?"

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார். மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் நான் 'சார்' பதவியிலிருந்து 'தம்பி' ஆகிவிட்டேன். முதல் கொமியூட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வருகிறார். நாளொன்றுக்குப் பதினான்கு அறை. சூட் என்றால் இரண்டு அறைக் கணக்கு. மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கித் துணியைச் செருக வேண்டும். அந்த மெத்தையின் கனம் எவ்வளவு என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா விரித்திருந்த கட்டிலைப் பார்த்து அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அத்தனையையும் உருவிப் போட்டுப் புதுத் துணி விரித்தார். "நல்லாத்தான் விரிச்சிருக்கீங்கம்மா. ஆனா மாத்தலேன்னா மேற்பார்வைக்காரர் ஏசுவாரு."

சம்பளம் கேட்டேன். 1,700 வெள்ளி. சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் அதுவே. அதற்கு ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறைவும் இல்லை. "சேவைக் கட்டணத்திலே உங்களுக்குப் புள்ளி எத்தனைக்கா?" என்றேன். "அதெல்லாம் ஓட்டல் ஆளுங்களுக்குத் தம்பி. நாங்க குத்தகைக்காரர் ஆளு" என்றார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஓட்டல் பில்லைச் சற்றே பார்க்க வேண்டும். வாடகைக்குக் கீழே இரண்டு வரி இருக்கும். சேவை வரி ஒன்று, சேவைக் கட்டணம் இன்னொன்று. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நம்மில் பலர் இரண்டையும் வரி என்றே எண்ணிக் கட்டிவிட்டு வருகிறோம். சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச் முதல் தங்கும் அறைக்கு 8 விழுக்காடு. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு வரியே அல்ல. ஊழியர்களுக்கென்று வாடிக்கைக்காரரிடம் வசூலிக்கும் பணம் அது. கூட்டு ஒப்பந்தப்படி ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வகுத்து மாதந்தோறும் பங்கிடுவது வழக்கம். அடிப்படைச் சம்பளம் சொற்பமாக இருந்த காலத்தில் ஓட்டல் ஊழியர்கள் குடும்பம் நடத்தியதே இந்தப் புள்ளிக் காசினால்தான்.

2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடப்புக்கு வந்தபோது, முதலாளிமார் சிலர் ஒரு சாமர்த்தியம் செய்யப் பார்த்தார்கள். தங்கள் பையிலிருந்து உயர்த்திக் கொடுப்பதற்குப் பதிலாக, இந்தப் புள்ளிக் காசையே சம்பளத்தோடு சேர்த்து 900 என்று கணக்குக் காட்டுவது! தோட்டத்தில் ஒட்டுப்பாலுக்குக் கொடுக்கும் காசை நாள் சம்பளத்தில் சேர்த்துக் காட்டினால் நாம் வாயை மூடிக்கொண்டிருப்போமா? ஓட்டல், பார், உணவக ஊழியர்களின் தேசியச் சங்கமும் இருக்கவில்லை. பெட்டாலிங் ஜெயா கிரிஸ்டல் கிரௌன் ஓட்டல் வழக்கு தொழில் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2021-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ந்தது. சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்பது தீர்ப்பு. எட்டாண்டுப் போராட்டத்தின் பலன். அந்தச் சங்கத்தாரை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் எங்கள் கட்டிலை விரித்த அக்காளுக்கு அந்தத் தீர்ப்பினால் ஒரு காசு வந்ததா? வரவில்லை. அவர் ஓட்டலின் பெயர்ப்பட்டியலில் இல்லை. வாசலில் நின்று கதவு திறப்பவருக்குப் புள்ளி உண்டு. அது நியாயம், அவரும் தொழிலாளிதான். மெத்தையைத் தூக்கியவருக்குப் புள்ளி இல்லை. நான் கட்டிய சேவைக் கட்டணம் 120 வெள்ளி. மாதம் 1,700 என்பதை வாரம் ஆறு நாள் வேலைக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. எங்கள் ஓர் இரவின் சேவைக்கென்று நான் கொடுத்தது ஏறக்குறைய அவருடைய இரண்டு நாள் கூலி. அதில் அவருக்குப் பங்கு பூஜ்யம்.

பில் கொடுத்த இளைஞரிடம் கேட்டேன். "ஊழியர்களுக்குத்தான் சார்" என்றார். "குத்தகை ஆட்களுக்கும் சேர்த்தா?" என்றதும், கருத்து எழுதும் தாள் ஒன்றைப் புன்னகையோடு நீட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2020-இல் நோய்த்தொற்றுக்காக நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியபோது ஓட்டல்கள் பட்ட பாட்டையும் நான் மறுக்கவில்லை. எத்தனையோ மூடப்பட்டன, எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். அந்த நஷ்டத்தைச் சொல்லி இன்று குத்தகை ஆள் வைப்பதற்கு நியாயம் கற்பிக்கிறார்கள். இந்த வித்தை நமக்குப் புதிதா? தோட்டத்திலே நிரந்தர ஆள் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் குத்தகைக்காரரின் ஆள் நிற்பதைப் பார்த்துப் பார்த்து நம் கண் பூத்துப் போயிற்று. செக்ரோல் எழுதும் கை என் கை. ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அதோடு எவையெல்லாம் போகும் என்பதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். கிராணிக்காக இறங்கியவர்களின் பேரன் நான். இன்று நானே கிராணி. அந்த நடைவழியில் அக்காள் வண்டியை ஒதுக்கி நின்றபோது, நான் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போய்விட்டேன். 2023-இலும் இப்படி யாரோ ஒருவர் ஒதுங்கி நின்றிருப்பார். அது என் நினைவிலேயே இல்லை.

ஓட்டலை பகிஷ்கரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதனால் முதலில் வேலை இழப்பவர் அந்த அக்காள்தான். நான் கேட்பது சிறிய காரியம். நம் சங்கமும் மற்றச் சங்கங்களும் மாநாடு என்றும் கருத்தரங்கு என்றும் ஓட்டல்களில் மண்டபமும் அறையும் எடுக்கின்றன. சந்தாப் பணத்திலிருந்து சேவைக் கட்டணம் கட்டுகின்றன. பதிவு செய்யுமுன் இரண்டே கேள்வியை எழுத்து மூலம் கேட்கட்டும். இங்கே ஊழியர் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உண்டா? அறை துடைக்கும் குத்தகை ஆட்களுக்கும் சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா? இல்லை என்று பதில் வந்தால் அடுத்த ஓட்டலைக் கேட்போம். நகரத்தில் ஓட்டலுக்கா பஞ்சம்? நூறு அறைக்கு முன்பணம் கொடுக்கும் வாடிக்கைக்காரர் கேட்டால் எந்த மானேஜரும் கருத்துத் தாளை நீட்டித் தப்பித்துவிட முடியாது. ஓட்டல் ஊழியர் சங்கத்தோடு நம் தலைவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், எந்தெந்த ஓட்டலில் என்ன நிலைமை என்ற விவரம் கைக்கு வந்துவிடும்.

வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.